அம்பருக்குள் இருக்கும் குளவி புது இனம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். 9.9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அம்பரில் கிடைத்த ஒட்டுண்ணிக் குளவிக்குப் புதுப் பெயர் வைத்திருப்பதாகக் கேட்டவர் ஒரு செய்தி படித்திருக்கிறார். அவருக்கு மூன்று சந்தேகங்கள். தொடக்கூட முடியாத ஒற்றைப் பூச்சியை வைத்துப் புது இனம் என்று எப்படிச் சொல்ல முடியும்? அது ஒட்டுண்ணியாக வாழ்ந்தது என்பதற்கு என்ன சாட்சி? டி.என்.ஏ. எடுத்துப் பார்த்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

கடைசிச் சந்தேகத்தை முதலில் முடித்துவிடலாம். டி.என்.ஏ. கிடைக்காது. 1990களின் தொடக்கத்தில், டொமினிக்கன் அம்பரில் இருந்த கொடுக்கில்லாத் தேனீயிலிருந்தும் லெபனான் அம்பரில் இருந்த கூன்வண்டிலிருந்தும் டி.என்.ஏ. எடுத்ததாகக் கட்டுரைகள் வந்தது உண்மைதான். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அதே வேலையைக் கவனமாகத் திரும்பச் செய்து பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை; 1997இல் அதை வெளியிட்டார்கள். 2013இல், வயதில் அம்பருக்குப் பேரப்பிள்ளை போன்ற கோபால் பிசினில் சிக்கிய தேனீக்களிலும் தேடிப் பார்த்தார்கள். அதிலும் நம்பும்படி எதுவும் இல்லை. எனவே நம் கையில் இருப்பது உருவம் மட்டும்தான்.

அம்பர் என்று நான் சொல்வது மரப்பிசின் கெட்டிப்பட்டு உண்டான புதைபடிவம். திமிங்கலத்தின் குடலிலிருந்து வரும் அம்பர்கிரீஸ் வேறு. பெயர் மட்டும்தான் ஒட்டிக்கொண்டது. அப்புறம் ஒட்டுண்ணி என்ற சொல்லும் கொஞ்சம் ஏமாற்றும். பேன் நம் ரத்தத்தைக் குடிக்கும், ஆனால் நம்மைக் கொல்லாது. இந்தக் குளவிகளின் கதை வேறு. தாய்க் குளவி இன்னொரு பூச்சியின் மேலோ உள்ளேயோ முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு அந்தப் பூச்சியைத் தின்றே வளரும். புழு வளர்ந்து முடிக்கும்போது அந்தப் பூச்சி செத்திருக்கும். அப்படித் தின்னப்படும் பூச்சிக்கு ஓம்புயிரி என்று பெயர். பெயரில் இருக்கும் உபசாரத்தை அந்தப் பூச்சியிடம் யாரும் கேட்கவில்லை.

குளவி என்றதும் மஞ்சளும் கறுப்புமாகக் கொட்ட வரும் பூச்சியை நினைக்காதீர்கள். ஒட்டுண்ணிக் குளவிகளில் பெரும்பாலானவை மிகச் சிறியவை. பயிர்ப் பூச்சிகளின் முட்டைகளை அழிக்க விடும் டிரைக்கோகிரம்மா அரை மி.மீ. அளவுதான் இருக்கும். உலகிலேயே சிறிய பூச்சியும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது: டைகோபோமார்ஃபா எக்மெப்டெரிகிஸ் என்ற இனத்தின் ஆண், 0.139 மி.மீ. அம்பரில் இவை இவ்வளவு கிடைப்பதற்கு இந்தச் சிறு உடம்பும் ஒரு காரணம். ஓம்புயிரியைத் தேடி மரப்பட்டை மேல் ஊர்ந்து திரியும் பூச்சி, பிசினில் கால் பட்டால் இழுத்துக்கொண்டு வெளியேற அதற்குத் தெம்பு கிடையாது. பெரிய தும்பியாக இருந்தால் ஒரு காலை விட்டுவிட்டாவது பறந்துபோகும்.

இனி கல்லுக்கு வருவோம். ஒரு குளவியைப் பற்றி எழுத உட்காருவதற்கு முன்னால், அது இருக்கும் கல்லைப் பற்றி இரண்டு விஷயங்கள் தெரிந்தாக வேண்டும்: எங்கிருந்து வந்தது, நிஜமானதுதானா.

எங்கிருந்து என்பது தெரிந்தால்தான் வயது தெரியும். லெபனான் அம்பர் 12 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. பால்டிக் அம்பர் நாலு கோடி ஆண்டுகள் வாக்கில். குஜராத்தில் வஸ்தான் பகுதிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைக்கும் காம்பே அம்பர் ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகள் பழையது. குங்கிலிய மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மரங்களின் பிசின் அது. டொமினிக்கன் அம்பர் ஒன்றரை முதல் இரண்டு கோடி. செய்தியில் வந்த 9.9 கோடி என்ற எண்ணைப் பார்த்ததுமே அது மியான்மரின் வடக்கே, கச்சின் மாநிலத்து ஹுகாவுங் பள்ளத்தாக்கிலிருந்து வந்த கல் என்று ஊகித்துவிடலாம். அந்த வயதை அம்பரிலிருந்து கணக்கிடவில்லை. அம்பர் இருந்த பாறையில் எரிமலைச் சாம்பலோடு சேர்ந்து வந்த சிர்க்கான் படிகங்கள் இருக்கின்றன. அவற்றில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று 2012இல் அளந்தார்கள். 98.79 மில்லியன் ஆண்டுகள், முன்பின் 0.62 மில்லியன். கட்டுரைக்குக் கட்டுரை ‘99 மில்லியன்’ என்று வருவதெல்லாம் இந்த ஓர் அளவீட்டிலிருந்துதான்.

நிஜமானதுதானா என்பதற்கு ஒரு கதை உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பால்டிக் அம்பரில் ஓர் ஈ இருந்தது. இன்றும் வாழும் ஃபான்னியா ஸ்கேலாரிஸ் என்ற இனத்தேதான் என்று 1966இல் வில்லி ஹென்னிக் எழுதினார். ஹென்னிக் சாதாரண ஆளில்லை. உயிரினங்களின் உறவுமுறையை எப்படி வகுப்பது என்பதற்கே இலக்கணம் எழுதியவர். ஓர் ஈ இனம் இத்தனை கோடி ஆண்டுகள் மாறாமல் இருந்திருக்கிறது என்பது அப்போது பெரிய ஆச்சரியம். 1993இல் தொல்லுயிர் ஆய்வாளர் ஆண்ட்ரூ ராஸ் அந்தக் கல்லை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, விளக்கின் சூட்டில் ஈயைச் சுற்றி ஒரு விரிசல் தெரிய ஆரம்பித்தது. யாரோ நிஜ அம்பரை இரண்டாக அறுத்து, குடைந்து, உள்ளே சாதாரண ஈயை வைத்துப் பிசினால் ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கல் அதற்குள் நூறாண்டுக்கும் மேலாகப் பல நிபுணர்களின் கையில் இருந்திருந்தது.

அதனால் சில எளிய சோதனைகளைச் செய்துகொள்வோம். உப்பு நிறையக் கரைத்த நீரில் அம்பர் மிதக்கும். கண்ணாடியும் பெரும்பாலான பிளாஸ்டிக்கும் மூழ்கும். புற ஊதா விளக்கில் அம்பர் ஒளிரும். அசிட்டோன் ஒரு சொட்டு விட்டால் இளசான கோபால் பிசுபிசுக்கும், முதிர்ந்த அம்பர் பெரும்பாலும் அசையாது. சூட்டு ஊசி வைத்துப் பார்க்கும் வழக்கமும் இருக்கிறது. ஆய்வுக்கு வரும் கல்லில் அதைச் செய்யாதீர்கள், கல்தான் கெடும். இதில் எதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. குறிப்பாக, ஃபான்னியா ஈ இருந்த கல் நிஜ அம்பர் என்பதால் மேலோட்டமான சோதனைகளை எல்லாம் தாண்டியிருக்கும். பூச்சியைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடுகிறதா என்று கண்ணால் தேடுவதுதான் முக்கியம்.

அடுத்தது தேய்ப்பு. இதைக் கட்டுரைகளில் ஒரே வரியில் எழுதிவிடுவார்கள்: ‘மாதிரி அறுத்து மெருகேற்றப்பட்டது.’ அந்த ஒரு வரிக்குள் ஒரு வாரம் இருக்கும்.

கொண்டைக்கடலை அளவு கல் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒன்றரை மி.மீ. குளவி, கல்லின் ஓரமாக ஒருக்களித்துக் கிடந்தது. கண்ணாடித் தட்டின் மேல் உப்புத்தாளைப் போட்டு, தண்ணீர் விட்டு, கல்லை விரல் நுனியில் பிடித்து எட்டு போடுகிற மாதிரி தேய்க்க வேண்டும். முதலில் 800 நம்பர், அப்புறம் 1200, 2500, கடைசியில் 4000. அதற்கும் பின்னால் துணியில் மெருகுப் பசை. தண்ணீர் வற்றிவிட்டால் கல் சூடாகும். ஊசியிலை மரத்துப் பிசின் மாதிரி லேசான மணம் வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும், அடுத்து வருவது வெடிப்பு. பத்துத் தேய்ப்பு, ஒரு கழுவல், நுண்ணோக்கியில் ஒரு பார்வை. இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, இடது உணர்கொம்பின் நுனி மேற்பரப்புக்கு ஒரு முடி அகலத்துக்குக் கீழே வந்து நிற்கிறது என்று தெரிந்தது. இன்னும் இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் முகம் தெளிவாகத் தெரியும், ஆனால் நுனி போய்விடும். உணர்கொம்பில் எத்தனை கணு என்று எண்ண முடியாமல் போனால் பாதி வாதம் காலி. அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தைத் தேய்த்தேன். அந்தக் குளவியின் இடக்கண்ணை இன்றுவரை யாரும் ஒழுங்காகப் பார்த்ததில்லை.

தேய்த்து முடித்தாலும் கீறல்கள் கொஞ்சம் இருக்கும், மேற்பரப்பு வளைந்திருந்தால் உள்ளே எல்லாம் நெளிந்து தெரியும். அதற்குக் கல்லின் மேல் ஒரு சொட்டுச் சர்க்கரைப் பாகோ கிளிசரினோ விட்டு, மெல்லிய கண்ணாடிச் சில்லால் மூடிவிடுவார்கள். ஒளி அம்பருக்குள் வளைகிற அளவுக்கு ஏறத்தாழ நெருக்கமாகப் பாகிலும் வளைவதால் கீறல்கள் மறைந்தே போகும். விலையில்லாத தந்திரம், ஆனால் பல லட்சம் பெறுமான கருவிகளுக்கு நடுவே இதுதான் அதிகம் உதவுகிறது. உடையும் நிலையில் இருக்கும் கல்லை எபாக்சி பிசினில் பதித்துக்கொள்வதும் உண்டு.

படம் ஒரே கிளிக்கில் வராது. அவ்வளவு பெரிதாக்கும்போது ஆழத்தில் ஒரு மெல்லிய படலம் மட்டுமே தெளிவாக இருக்கும். அதனால் நுண்ணோக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே ஐம்பது, நூறு படங்கள் எடுத்து, தெளிவான பகுதிகளை மட்டும் கணினியில் சேர்ப்பார்கள். செய்தித்தாளில் பளிச்சென்று தெரியும் படம் எல்லாம் இப்படி அடுக்கிச் செய்ததுதான். எக்ஸ்ரே நுண் சி.டி. ஸ்கேனும் உண்டு, சின்க்ரோட்ரான் (மிக வலுவான எக்ஸ்ரே தரும் துகள் முடுக்கி) வசதி கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் சில கற்களில் பூச்சியின் உடலும் சுற்றியுள்ள அம்பரும் எக்ஸ்ரேயை ஒரே மாதிரி விடுவதால், கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற குளவி ஸ்கேனில் ஆளே இல்லாமல் போய்விடும். பால்டிக் அம்பரில் வேறு தொல்லை: பூச்சியைச் சுற்றிப் பாலாடை மாதிரி வெள்ளை மூட்டம் படர்ந்திருக்கும்.

சரி, இப்போது பார்க்க முடிகிறது. எதைப் பார்ப்பது?

முதலில் இறக்கை நரம்புகள். குளவிகளில் அவைதான் முகவரி மாதிரி. எந்த நரம்பு எங்கே பிரிகிறது, எங்கே மறைகிறது என்பதை வைத்தே குடும்பம் வரை போய்விடலாம். இக்னியூமோனிடே, பிராகோனிடே என்ற இரண்டு பெருங்குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். உருவத்தில் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். முன்னிறக்கையின் நடுவே குறுக்காக ஓடும் ஒரு குறிப்பிட்ட இரண்டாம் நரம்பு முதல் குடும்பத்தில் இருக்கும், இரண்டாம் குடும்பத்தில் பெரும்பாலும் இருக்காது. ஒரு கோடு, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள ஒரு குடும்பத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது. தொல்லை என்னவென்றால், கிரீத்தேசியஸ் காலத்துக் குளவிகள் (டைனோசர்கள் வாழ்ந்த காலத்தின் கடைசிப் பகுதி, கச்சின் அம்பரின் காலம்) இந்த இன்றைய இலக்கணத்துக்கு முழுக்கக் கட்டுப்படுவதில்லை. பால்டிக் அம்பரில் கிடைப்பவற்றில் கணிசமானவை இன்றும் வாழும் பேரினங்களுக்குள் (நெருங்கிய இனங்களின் தொகுதி) வந்துவிடும். கச்சின் அம்பரில் பேரினமே, சில நேரம் குடும்பமே அழிந்துபோனதாக இருக்கும். செர்ஃபிட்டிடே, ஸ்டிக்மாஃப்ரோனிடே எல்லாம் அப்படிப்பட்ட குடும்பங்கள்; இன்று ஒரு வாரிசும் இல்லை. வாழும் பூச்சிகளுக்காக எழுதிய அடையாளக் கையேட்டை வைத்துக்கொண்டு இவற்றைத் தேடினால் ஏதோ ஒரு பெயரில் கொண்டுபோய் விடும், அந்தப் பெயர் தப்பாக இருக்கும்.

அடுத்து உணர்கொம்பின் கணுக்கள். எண்ணுவதுதானே என்று தோன்றும். சால்சிட் என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவிக் கூட்டத்தில் மோதிரம் மாதிரி மிக மெல்லிய கணு ஒன்றோ இரண்டோ அடிப்பக்கம் ஒளிந்திருக்கும், அதை விட்டுவிட்டால் வேறு குழுவுக்குப் போய்விடுவோம். மேலே சொன்ன கல்லில் நான் முதல் நாள் பதினொன்று என்று எழுதினேன், மறுநாள் பன்னிரண்டு. மூன்றாம் நாள் விளக்கைக் கீழிருந்து காட்டியபோது கூடுதலாக வந்த அந்தக் ‘கணு’ உருண்டது. மேலே விட்ட பாகுக்குள் சிக்கிய காற்றுக்குமிழி. இது பரவாயில்லை. குமிழி அசையாமல் இருந்திருந்தால் அச்சில் ஏறியிருக்கும்.

தாடையில் எத்தனை பல், காலில் முள் எத்தனை, மார்பின் பின்பகுதியில் மேடு பள்ளம் எப்படி, வயிற்றின் முதல் கணு காம்பு மாதிரி ஒடுங்கியிருக்கிறதா, முட்டையிடும் ஊசி எவ்வளவு நீளம் என்று பட்டியல் போகும். அளவுகளில் ஒரு பொறி உண்டு. சாய்ந்து கிடக்கும் காலை நேர் மேலிருந்து அளந்தால் குட்டையாகத்தான் வரும். ஒரே தளத்தில் கிடக்கும் பாகங்களை மட்டும் அளந்து, தனி எண்களைவிட விகிதங்களை நம்புவது வழக்கம். நிறத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது முதல் சந்தேகத்துக்கு நேராக வரலாம்: ஒற்றைப் பூச்சி போதுமா? சட்டப்படி போதும். விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதித்தொகுப்பு கேட்பது ஒரே ஒரு ஹோலோடைப், அதாவது அந்தப் பெயரைச் சுமக்கும் மூல மாதிரி. அறிவியல்படி போதுமா என்பது, அது மற்றவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. வாழும் உறவினங்களில் ஓர் இனத்துக்குள்ளேயே எந்த அளவுக்கு வேறுபாடு வரும் என்று தெரியும். இந்தக் குளவியின் வேறுபாடு அந்த எல்லையைத் தாண்ட வேண்டும், அதுவும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத சில பாகங்களில். நரம்பு ஒன்று கூடுதல், தாடை வேறு மாதிரி, ஊசியும் குட்டை என்று மூன்றும் சேர்ந்து வந்தால் வாதம் நிற்கும். ‘மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது’ என்பதை மட்டும் காட்டி யாராவது எழுதியிருந்தால் எனக்கு நம்பிக்கை வராது. ஒட்டுண்ணிக் குளவிகளில் உடலளவு தீர்மானமாவது, புழுவாக இருந்தபோது கிடைத்த சாப்பாட்டில்தான். பெரிய ஓம்புயிரிக்குள் வளர்ந்தது பெரிதாகவும் சிறியதில் வளர்ந்தது சிறிதாகவும் வரும். அக்கா தங்கைகளே அளவில் மாறி நிற்பார்கள்.

ஆண் பெண் வேறுபாடு இன்னொரு குழி. சில குடும்பங்களில் ஆணுக்கு இறக்கை இருக்கும், பெண்ணுக்கு இருக்காது. பார்த்தால் இரண்டும் ஒரே இனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் அழிந்த இனங்களில் ஆணுக்கு ஒரு பெயரும் பெண்ணுக்கு ஒரு பெயரும் நிச்சயம் சிலவற்றில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் கலவி நிலையில் ஒரே கல்லில் கிடைத்தால்தான் தெரியவரும். அப்போது முதலில் வைத்த பெயர் நிலைக்கும், பிந்தியது விழும்.

குளவி எந்தக் கிளையில் வருகிறது என்பதைப் பார்க்க, கண்ட அம்சங்களை எல்லாம் அட்டவணையாக்கி, உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0, தெரியவில்லை என்றால் கேள்விக்குறி என்று போட்டு, கணினியில் வம்சவரைபடம் போடுவார்கள். அம்பர்ப் பூச்சியின் வரிசையில் கேள்விக்குறிகள் தாராளமாக இருக்கும். மடிந்து கிடக்கும் இறக்கைக்கும் மறைந்த வாய்க்கும் யாரும் எண் போட முடியாது. போட்டுவிட்டால் வரைபடம் அழகாக வரும், ஆனால் அது குளவியின் வரைபடமாக இருக்காது.

அது ஒட்டுண்ணியாக வாழ்ந்தது எப்படித் தெரியும் என்ற இரண்டாம் சந்தேகம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சாட்சிகள் மூன்று தரம்.

பலவீனமானது சொந்தபந்தத்தை வைத்துச் சொல்வது. இன்று வாழும் எவானிடே குளவிகளின் புழுக்கள் கரப்பான்பூச்சியின் முட்டைப் பையைத் தின்று வளர்கின்றன. ஆகவே அம்பரில் கிடைத்த எவானிடேவும் அப்படித்தான் என்கிற வாதம். பெரும்பாலும் சரியாக இருக்கலாம். ஆனால் பின்னோக்கிப் போகப் போக இந்தக் கயிறு மெலியும்.

அதைவிட உறுதியானது, உடம்பில் இருக்கும் கருவியை வைத்துச் சொல்வது. டிரைனிடே என்ற குடும்பத்தில் பெண்ணின் முன்னங்கால் நுனி இடுக்கி மாதிரி இருக்கும், அதனால் தத்துப்பூச்சியைப் பிடித்துக்கொண்டு முட்டையிடும். அதே இடுக்கி கிரீத்தேசியஸ் அம்பரிலும் இருக்கிறது. இந்த வகையில் 2025இல் வந்ததுதான் உச்சம்: கச்சின் அம்பரிலிருந்து சிரேனோபெத்திலஸ் காரிப்டிஸ். கிரேக்கக் கதைகளில் மாலுமிகளை மயக்கும் சிரேன்களையும் கப்பலை விழுங்கும் காரிப்டிஸையும் சேர்த்து வைத்த பெயர். பெண் குளவியின் வயிற்று நுனியில் மூன்று மடல்கள். கீழ் மடல் துடுப்பு மாதிரி, விளிம்பில் நீண்ட முடிகள் நிற்கின்றன, பூச்சி பிடிக்கும் வீனஸ் செடியின் இலை போல. ஒரு கல் மட்டும் இருந்திருந்தால் சிதைவால் வந்த கோணல் என்று ஒதுக்கியிருப்பார்கள். பதினாறு இருந்தன. ஒவ்வொன்றிலும் மடல் வெவ்வேறு அளவு திறந்திருந்தது, அதனால் அது அசையும் உறுப்பு என்று சொல்ல முடிந்தது. முட்டையிடும் நேரம் ஓம்புயிரியை அசையாமல் பிடித்துக்கொள்ளத்தான் அந்தப் பொறி என்பது ஆய்வாளர்களின் கருத்து. இன்று வாழும் எந்தக் குளவியிலும் இப்படி இல்லை என்பதால் ஒப்பிட ஆள் கிடையாது. அதைப் புதுக் குடும்பமாகவே வைத்தார்கள். நான் படித்தவற்றில், ‘இருக்கலாம்’ என்ற சொல்லைச் சரியான இடத்தில் போட்டு எழுதிய கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

நேர்ச் சாட்சி அபூர்வம். சிறந்தது அம்பரிலிருந்தும் வரவில்லை, பிரான்சின் கெர்சி பகுதியில் பாஸ்பேட்டாக மாறிய ஈக்கூடுகளிலிருந்து (ஈயின் கூட்டுப்புழு உறைகள்) வந்தது. 1,510 கூடுகளை சின்க்ரோட்ரான் எக்ஸ்ரேயில் பார்த்ததில் 55இல் உள்ளே குளவி இருந்தது. சில வெளியே வரத் தயாராக, இறக்கை மடித்த நிலையில். 2018இல் நான்கு புது இனங்களை அதிலிருந்து எழுதினார்கள். ஓம்புயிரியும் குளவியும் ஒரே உறைக்குள் இருக்கும்போது வாதத்துக்கு இடமில்லை.

ஆனால் ஒரே கல்லில் இருப்பது மட்டும் போதாது. 2012இல் வெளியான கச்சின் அம்பர் ஒன்றில், வலையில் சிக்கிய சிறு குளவியைச் சிலந்தி தாக்க வருகிறது. அந்தக் குளவியின் சொந்தங்கள் இன்று சிலந்தி முட்டைகளையும் பூச்சி முட்டைகளையும் தாக்குபவை. உடனே ‘முட்டையைத் தேடி வந்து மாட்டிக்கொண்டது’ என்று கதை கட்டத் தோன்றும். கல்லில் இருப்பது சிலந்தி குளவியைப் பிடிக்கும் காட்சி மட்டும்தான்.

பெயர் வைப்பது பலரும் நினைப்பதைவிடச் சின்ன வேலை, விதிகள்தான் கறார். பெயர் லத்தீன் எழுத்தில், இரு சொல்லாக இருக்க வேண்டும். எந்த அம்சங்களால் வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். புது இனம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஹோலோடைப் எது, எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்பதும் வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரை என்றால் 2012 முதல் சூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவும் கட்டாயம். பேரினப் பெயர் வேறு எந்த விலங்குக்கும் ஏற்கெனவே வைத்ததாக இருக்கக் கூடாது. மீனுக்கோ நத்தைக்கோ போய்விட்டிருந்தாலும் செல்லாது. இலக்கணப் பாலும் பொருந்த வேண்டும்: பேரினம் ஆண்பால் என்றால் பர்மானிகஸ், பெண்பால் என்றால் பர்மானிகா, அலிப்பால் என்றால் பர்மானிகம். ஒரே கல்லில் நாலைந்து பூச்சிகள் இருந்தால், ஹோலோடைப் என்பது அதில் எந்தக் குளவி என்று படம் போட்டுக் காட்ட வேண்டும். கல் ஹோலோடைப் ஆகாது. பின்னால் யாராவது அதை இரண்டாக அறுத்துவிட்டால் எந்தத் துண்டு என்ற வழக்கு வரும்.

கச்சின் அம்பர் என்றால் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அந்தச் சுரங்கங்கள் ஆயுத மோதல் நடக்கும் பகுதியில் இருக்கின்றன. 2017 ஜூனில் ராணுவம் அவற்றைக் கைப்பற்றியது. 2020இல் முதுகெலும்பி தொல்லுயிரியல் சங்கம், அதற்குப் பிறகு வெளிவந்த அம்பரை வைத்து ஆய்வு வெளியிடுவதை நிறுத்திவைக்கும்படி ஆய்விதழ்களுக்கு எழுதியது. வாங்கிய காசு மோதலுக்குப் போகிறது என்பது ஒரு பக்கம். நிறுத்தினால் கற்கள் நகையாகி அழியும், மியான்மர் ஆய்வாளர்களுக்கும் கதவு அடையும் என்பது மறுபக்கம். என் கருத்து: கல் எப்போது வெளியே வந்தது என்ற தாள் இல்லாத மாதிரியைத் தொடாமல் இருப்பது நல்லது. ஹோலோடைப் ஒருவர் வீட்டு அலமாரியில் இருப்பதை எந்த நிலையிலும் நான் ஏற்க மாட்டேன். நாளைக்கு நான் சந்தேகப்பட்டால் போய்ப் பார்க்க எனக்குக் கதவு திறக்க வேண்டும்.

சந்தேகப்பட வேண்டியும் வரும். 2020 மார்ச்சில் கச்சின் அம்பரில் இருந்த ஒரு சிறு மண்டையோட்டை உலகின் மிகச் சிறிய டைனோசர் காலப் பறவை என்று நேச்சர் இதழ் வெளியிட்டது: ஓக்குலுடென்டாவிஸ். அதே போன்ற இன்னொரு மாதிரியைப் பார்த்தபோது அது பல்லி இனம் என்று தெரிந்தது; ஜூலையில் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். பெயர் மட்டும் விதிப்படி நிற்கிறது. ‘ஆவிஸ்’ என்றால் பறவை என்று பொருள், அதைத் தாங்கிக்கொண்டு அந்தப் பல்லி இருக்கிறது.

நீங்கள் படித்த செய்தியின் மூலக் கட்டுரை கிடைத்தால், படங்களுக்கு முன்னால் மாதிரியின் நிலையைச் சொல்லும் பத்தியைத் தேடுங்கள். ‘வலது பின்னிறக்கை மடிந்துள்ளது, வாயுறுப்புகள் குமிழியால் மறைந்துள்ளன, உணர்கொம்பின் கடைசி இரண்டு கணுக்கள் தெளிவில்லை’ என்ற ரீதியில் நாலு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டு வேறுபாடுகளின் பட்டியலுக்குப் போங்கள். மறைந்திருப்பதாகச் சொன்ன பாகம் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள்.